வலையை எடுத்துவிட்டார்கள், சுவர் நிற்கிறது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மேட்டூர் போயிருந்தேன். அணைப் பூங்கா பக்கம் மீன் வறுவல் கடைகள் இருக்கும், போனவர்களுக்குத் தெரியும். ஒரு கடையிலிருந்து "சார்" என்று குரல். பார்த்தால் என் பழைய மாணவர். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. விடியற்காலையில் அண்ணனும் அவரும் பரிசலில் போய் வலை எடுக்கிறார்கள். பகலில் கடை.

உட்கார வைத்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் இரண்டு துண்டு கட்லாவைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்: "சார், சீனாவுல ஏதோ ஒரு ஆத்துல பத்து வருசத்துக்கு மீனே பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாமே? போன்ல பார்த்தேன். நெசங்களா சார்? அப்ப பரிசல்காரன் என்னத்தைத் தின்னுவான்?"

நிஜம்தான் என்றேன். அது யாங்சி ஆறு என்றேன். "நீங்க தானே சார் எங்களுக்கு அந்த ஆத்தை மேப்புல குறிக்கச் சொல்லிக் குடுத்தீங்க" என்றார். முப்பத்து நான்கு வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன வேண்டும்? ஆனால் அவருடைய இரண்டாவது கேள்விக்கு அங்கேயே நின்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இந்தப் பதிவு.

பழைய சட்டம் ஒன்று

யாங்சி சுமார் 6,300 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஆசியாவில் இதைவிட நீளமான ஆறு கிடையாது. அதன் கரையில் மீன் என்பது சோற்றுக்குத் தொடுகறி மட்டுமல்ல, ஒரு நாகரிகத்தின் முதலீடு. அதனால் மீனைக் காப்பது பற்றிய பேச்சும் அங்கே மிகப் பழையது. கோடையில் மூன்று மாதம் ஆற்றில் வலை போடக் கூடாது என்று ஆதி மன்னர் யூ விதித்ததாக அவர்களிடம் ஒரு மரபு உண்டு. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்ற அறிஞர், லியாங் நாட்டு அரசர் ஹுய்க்கு ஆட்சிமுறை பற்றி உபதேசம் செய்கிறார். போர் வேண்டாம், வரியைக் குறை என்பதோடு நிற்கவில்லை. நெருக்கக் கண்ணி வலையைக் குளத்தில் இறக்காமல் இருந்தால் தின்று தீராத அளவு மீன் இருக்கும் என்கிறார். இருபத்து மூன்று நூற்றாண்டுக்கு முன்பே வலைக்கண்ணியின் அளவு ஆட்சியாளரின் கவலையாக இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

யாங்சியின் பேர்போன மீன்கள் நான்கு: கருங்கெண்டை, புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை. ஒன்று நத்தையைத் தின்னும், ஒன்று புல்லைத் தின்னும், மற்ற இரண்டும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைக்காது. அதனால் நான்கையும் ஒரே குளத்தில் விட்டு வளர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது.

ஆனால் ஒரு சிக்கல். இந்த மீன்கள் குளத்தில் வளரும், குளத்தில் முட்டை இடாது. வைகாசி, ஆனி வாக்கில் ஆற்றில் புதுவெள்ளம் ஏற வேண்டும். தண்ணீர் 18 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அப்போதுதான் முட்டை இடும். அந்த முட்டையும் அடியில் தங்காது, கரையிலும் ஒட்டாது. ஓடுகிற நீரில் மிதந்தபடியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் வழியில் பொரியும். தண்ணீர் ஓட்டம் நின்றால் முட்டை மூழ்கிச் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஆகவே குளம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் ஆற்றிலிருந்து மீன்குஞ்சு வாரி வந்துதான் விட வேண்டும். 1958-ல் சோங் லின் என்ற விஞ்ஞானி, வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் வளர்ப்பிடத்திலேயே முட்டையிட வைத்துவிட்டார். நமக்கும் இதே கதைதான். கட்லா, ரோகு குஞ்சுகளுக்கு நம் விவசாயிகளும் ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மூளையடிச் சுரப்பியின் சாறை ஊசி போட்டுக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இந்தியாவில் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அடுத்து 1959-ல் வெள்ளிக் கெண்டை ஜப்பானிலிருந்தும், புல் கெண்டை ஹாங்காங்கிலிருந்தும் கட்டாக்குக்கு வந்தன. இன்று நம் ஊர்ப் பண்ணைக் குட்டைகளில் துள்ளுகிற புல் கெண்டைக்குப் பூர்வீகம் சீனத்து ஆறுகள்தான். ஆக, இது யாரோ தூரத்துக்காரர் கதை இல்லை.

இரண்டு சுவர்கள்

1954-ல் யாங்சியில் பிடிபட்ட மீன் சுமார் 4.27 லட்சம் டன். அதற்குப் பிறகு வரிசையாகக் கெட்ட காலம். வெள்ளம் தடுக்கவும் வயல் எடுக்கவும் கரை கட்டியதில், ஆற்றோடு சேர்ந்திருந்த ஏரிகள் பல பிரிந்துபோயின. ஆலைக் கழிவு வந்தது. மணல் அள்ளினார்கள். கப்பல் போக்குவரத்து பெருகியது. பிறகு அணைகள்.

முதல் அணை கெச்சோபா. ஹூபெய் மாகாணம் யிச்சாங் நகரில். 1981 ஜனவரியில் ஆற்றின் குறுக்கே அடைத்தார்கள். யாங்சியின் நடு ஓட்டத்தில் எழுந்த முதல் பெருந்தடுப்பு அது. கடலிலிருந்து மேலேறி வந்து முட்டையிடும் ஸ்டர்ஜன் மீன்கள் அதற்குமேல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தவை. சுவரில் வந்து முட்டின. மீன் ஏற ஒரு படிவழி வைக்கலாமா என்று விவாதம் நடந்தது. வேண்டாம், செயற்கையாகக் குஞ்சு பொரித்து விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1982-ல் யிச்சாங்கில் சீன ஸ்டர்ஜனுக்கென்றே ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அந்த மீனுக்காவது ஒரு நிலையம் கிடைத்தது. மற்ற மீன்களை அன்று பெரிதாக யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது, அதற்கு 38 கிலோமீட்டர் மேலே எழுந்த மூன்று பள்ளத்தாக்கு அணை. செய்திகளில் த்ரீ கார்ஜஸ் என்பார்கள். 1992 ஏப்ரலில் சீன நாடாளுமன்றத்தில் இதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 1,767. எதிர்ப்பு 177. ஓட்டே போடாமல் ஒதுங்கியவர்கள் 664 பேர். ஒருமனதாகக் கை தூக்கும் அந்த அவையில் மூன்றில் ஒரு பங்கினர் தயங்கினார்கள் என்பது பெரிய சேதி. 1994-ல் முறைப்படி வேலை தொடங்கி, 2003 ஜூன் முதல் தேதி நீர் தேக்க ஆரம்பித்தார்கள். 2010 அக்டோபரில் முழு மட்டமான 175 மீட்டரை எட்டியது. சுமார் 13 லட்சம் பேர் ஊரை விட்டுப் போனார்கள்.

அளவு புரிய வேண்டுமென்றால் இப்படிச் சொல்கிறேன். நம் மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கே தேங்குவது ஏறக்குறைய பதினைந்து மேட்டூர். நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் தொடங்கி திருநெல்வேலி வரைக்கும் ஒரே நீர்த்தேக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்த ஆறு அவ்வளவு தூரத்துக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது.

மிதக்கும் முட்டையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அணைக்கு மேலே ஓட்டமில்லை, முட்டை மூழ்கும். அணைக்குக் கீழே வெள்ளமும் வருவதில்லை, வசந்த காலத்தில் ஆழத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கிறது. மீன் காலம் தெரியாமல் குழம்பியது. அணைக்குக் கீழே ஜியான்லி என்ற இடத்தில் விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் மிதந்து வரும் நான்கு கெண்டைகளின் முட்டையையும் குஞ்சையும் கணக்கெடுக்கிறார்கள். 1997-ல் அது சுமார் 250 கோடி. நீர் தேக்கிய சில ஆண்டுகளிலேயே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நீர்த்தேக்கத்துக்கு உள்ளே நடந்தது வேறு மாதிரி. அங்கே மீன் இல்லாமல் போகவில்லை, மீனின் ஜாதி மாறிவிட்டது. செம்பு மீன் என்று சீனர்கள் அழைக்கும் ஓட்டநீர் மீன் முன்பு அந்தப் பகுதி வலைக்காரர்களின் முக்கியமான வரும்படி. அது தேங்கிய நீரை விட்டு மேலே மேலே ஒதுங்கியது. நின்ற நீரை விரும்பும் வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் பெருகின. கிளையாறுகள் வந்து சேரும் வாய்களில் பாசி படர்ந்தது.

கரையோரப் புல்லில் முட்டையை ஒட்டிவைக்கும் சாதாரணக் கெண்டைக்கு இன்னொரு தொல்லை. கோடை வெள்ளத்தைத் தாங்க இடம் வேண்டும் என்பதற்காக ஜனவரி முதல் ஜூன் வரை நீர்மட்டத்தை 175-லிருந்து 145 மீட்டருக்கு இறக்குவார்கள். முப்பது மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நூறு அடி! மீன் முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். இன்று தண்ணீருக்குள் இருந்த புல் நாலு நாளில் வெயிலில் காயும். முட்டையும் கூடவே காயும்.

கடைசி யானை மீன்

இந்த ஆற்றில் துடுப்பு மீன் என்று ஒன்று இருந்தது. துடுப்பைப் போல நீண்ட மூக்கு. அதனால் யானை மீன் என்றும் சொல்வார்கள். டைனோசர் காலத்து வம்சம். உலகின் மிகப்பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று.

2003 ஜனவரியில், சிச்சுவான் மாகாணத்தின் யிபின் பக்கம், மீனவர் வலையில் ஒரு பெண் மீன் தற்செயலாகச் சிக்கியது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம். வெய் சிவெய் என்ற விஞ்ஞானியின் குழு ஓடி வந்தது. காயத்துக்கு மருந்து போட்டு, உடம்பில் ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி, ஆற்றில் விட்டு, படகில் பின்தொடர்ந்தார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கிய நேரம். படகு பாறையில் மோதிப் பழுதானது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் மீனின் ஒலி கேட்காமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த இனத்தில் ஒன்றையும் உயிரோடு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூனில்தான் பெரிய அணையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. துடுப்பு மீனை வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்ய வைக்க ஒருபோதும் முடிந்ததில்லை. எனவே திரும்பக் கொண்டுவர வழியும் இல்லை. 2022 ஜூலையில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அது அற்றுப்போனதாக அறிவித்தது. யாங்சிக்கே உரிய இன்னொரு ஸ்டர்ஜன் இனம், இயற்கைச் சூழலில் இல்லை என்றும் அதே நாளில் அறிவித்தார்கள்.

யாங்சியில் பைஜி என்ற வெள்ளை ஓங்கிலும் இருந்தது. 2006-ல் ஆறு வாரம் ஆறு முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் கண்ணில் படவில்லை.

நம்மூர் உள்ளம் மீனைத் தெரியுமல்லவா? வங்காளிகள் ஹில்சா என்று உயிரை விடுவார்களே, அது. கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். ஒரு காலத்தில் காவிரியிலும் ஏறி வந்தது. கீழே அணைக்கட்டுகளும், 1934-ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு அந்த வரத்து குன்றிப்போனது. அதன் நெருங்கிய பங்காளி ஒன்று யாங்சியில் ஏறி வரும். பெரிய இடத்து விருந்துகளுக்குப் பேர்போன மீன். 1980-களின் இறுதியோடு அதுவும் வருவதை நிறுத்திவிட்டது. இரண்டு ஆறு, ஒரே குடும்பத்து மீன், ஒரே முடிவு.

பத்து ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது?

சீன அரசு சும்மா இருக்கவில்லை. 2003-லிருந்து ஆண்டுக்கு மூன்று மாதம் யாங்சியில் மீன்பிடிக்கத் தடை. 2016-ல் அதை மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதமாக்கினார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதே யோசனைதான்.

ஆனால் ஆற்றில் இது எடுபடவில்லை. ஜூலை பிறந்ததும் காத்திருந்த வலைகள் மொத்தமாக இறங்கும். தடைக் காலத்தில் பிறந்த குஞ்சு விரல் நீளம்கூட வளர்ந்திருக்காது. அதற்குள் வாரிவிடுவார்கள். மீன் குறையக் குறைய வலைக்கண்ணி சிறுத்தது. வம்சத்தையே அழிக்கும் வலை என்று பொருள்படும் ஒரு பெயரை அந்த நெருக்கக் கண்ணி வலைக்குச் சீனர்களே வைத்திருக்கிறார்கள். பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதும் பெருகியது. மென்சியஸ் எதைச் செய்யாதே என்றாரோ, அதுவே பிழைப்பானது.

அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். வலைக்காரன் நெருக்கக் கண்ணிக்குப் போவது பேராசையால் மட்டுமல்ல. பெரிய மீன் கிடைக்காததால். பெரிய மீன் ஏன் கிடைக்கவில்லை என்பதில் அவன் பங்கு கொஞ்சம், சுவரின் பங்கு கொஞ்சம்.

வூஹான் நகரின் நீருயிரியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மூத்த விஞ்ஞானி ட்சாவ் வென்ஷுவான் பல ஆண்டுகளாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் போதாது, தொடர்ச்சியாகப் பத்து ஆண்டு நிறுத்துங்கள் என்று. கணக்கு எளிமையானது. அந்தக் கெண்டைகள் முட்டையிடும் வயதுக்கு வர மூன்று, நான்கு ஆண்டு ஆகும். பத்து ஆண்டு விட்டால் இரண்டு மூன்று தலைமுறை பிறந்துவிடும். குஞ்சை ஒரு கோடை காப்பாற்றிப் பயனில்லை, அது தாயாகும் வரை காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

முதலில் சிஷுய் என்ற கிளையாற்றில் 2017-ல் பத்தாண்டுத் தடை தொடங்கியது. 2020-ல் யாங்சிப் படுகையின் 332 பாதுகாப்புப் பகுதிகளில் தடை. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து முதன்மை ஆறு, பெரிய கிளையாறுகள், ஆற்றோடு சேர்ந்த பெரிய ஏரிகள் எல்லாவற்றிலும் பத்தாண்டுத் தடை. மூன்று பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமும் இதற்குள் அடக்கம். அதே ஆண்டு மார்ச்சில் யாங்சிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிடிப்பதற்கு மட்டுமல்ல, விற்பதற்கும் தடை. உணவகங்கள் ஆற்று மீன் என்று பலகை வைக்கக் கூடாது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவருக்குக்கூட, அனுமதித்த இடத்தில் ஓர் ஆளுக்கு ஒரு கோல், ஒரு கயிறு, ஒரு முள் என்று விதி.

பரிசல்காரன் என்னத்தைத் தின்னான்?

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

அரசுக் கணக்குப்படி 1.11 லட்சம் படகுகள் விலக்கப்பட்டன. 2.31 லட்சம் மீனவர்கள் கரையேற்றப்பட்டார்கள். படகுக்கும் வலைக்கும் உரிமத்துக்கும் பணம் கொடுத்தார்கள். ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்த்தார்கள். தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினரை ஆற்றுக் காவலுக்கே எடுத்துக்கொண்டார்கள். எங்கே வலை ஒளித்து வைப்பார்கள் என்பது பழைய மீனவருக்குத்தானே தெரியும்?

ஒரு நாட்டால் இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தடைக்கு முந்தைய ஆண்டுகளில் யாங்சியில் கிடைத்த மீன் ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. சீனாவின் மொத்த நன்னீர் மீன் உற்பத்தியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் குளத்து மீன். ஆற்றை மூடினாலும் சந்தையில் மீன் குறையவில்லை.

சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் குறையவில்லை என்பதும், பிடிக்கிறவனுக்கு எல்லாமே போனது என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். அந்த மீனவர்களில் பல தலைமுறையாகப் படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கியவர்கள் உண்டு. கரையில் நிலமில்லாதவர்கள். ஐம்பத்தைந்து வயதில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து புதிதாக ஒரு வேலை கற்றுக்கொள் என்றால், பணம் கொடுத்தாலும் அது எளிதல்ல. நான் ஓய்வு பெற்ற முதல் ஜூன் மாதம் மணிச்சத்தம் இல்லாமல் காலை ஒன்பதரை மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஓய்வூதியமும் இருந்தது, வயதும் முடிந்திருந்தது. அவர்களுக்கு முடியாத வயதில் மணி நின்றுவிட்டது.

மீன் திரும்பியதா?

திரும்பியது. ஆனால் எல்லா மீனும் இல்லை.

யாங்சிப் படுகையில் வரலாற்றில் பதிவான மீன் இனங்கள் 443. தடைக்கு முன், 2017 முதல் 2020 வரை தேடியதில் கிடைத்தவை 308. அதாவது 135 இனங்கள் கண்ணில் படவே இல்லை. 2021 முதல் 2024 வரை தேடியதில் 344 இனங்கள் கிடைத்தன. 36 கூடுதல். முதுகுத் துடுப்பு இல்லாத சிறிய ஓங்கில் ஒன்று அங்கே இருக்கிறது. அது மீனைத் தின்று வாழ்வது. அது பெருகினால் மீன் பெருகியதற்குச் சாட்சி. 2006-ல் சுமார் 1,800 இருந்தது, 2012-ல் 1,045, 2017-ல் 1,012 என்று இறங்கிக்கொண்டே வந்தது. 2022 கணக்கெடுப்பில் 1,249. கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து முதல்முறையாக எண்ணிக்கை ஏறியது.

இது சிறிய வெற்றி இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகும் ஓர் ஆறு தன் பங்குக்கு எழுந்து நிற்கப் பார்க்கிறது என்பதற்கு ஆதாரம் இது.

ஆனால் ஸ்டர்ஜனைப் பாருங்கள். சீன ஸ்டர்ஜனில் பெண் மீன் பருவத்துக்கு வரவே பதினான்கு ஆண்டு வாக்கில் ஆகும். பத்தாண்டுத் தடை அதற்கு ஒரு தலைமுறைகூட ஆகாது. கெச்சோபாவுக்குக் கீழே எஞ்சியிருந்த சிறு இடத்தில் அது முட்டையிடுவதும் 2017-லிருந்து தொடர்ந்து காணப்படவில்லை. லட்சக்கணக்கில் குஞ்சு விடுகிறார்கள். பத்து வலையைத் தடுத்தாலும் போக வேண்டிய இடத்துக்குப் போக வழி இல்லாத மீனுக்கு அது பாதி உதவிதான்.

இதைத்தான் நான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆற்றை இரண்டு பேர் வருத்தினார்கள். ஒன்று வலை, மற்றொன்று சுவர். தடை என்பது வலையை மட்டும் எடுக்கிறது. வலை பறித்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். சுவர் பறித்ததைச் சுவர்தான் திருப்பித் தர வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், சுவர்க்காரர்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். 2011-லிருந்து ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் சில நாட்கள் அணையிலிருந்து நீரைப் படிப்படியாகக் கூட்டி விட்டு, செயற்கையாக ஒரு புதுவெள்ளம் உண்டாக்குகிறார்கள். கெண்டைகள் அதை நம்பி முட்டையிடுகின்றன. கீழே கணக்கெடுக்கும் இடங்களில் முட்டை எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குள்ளும், கரையோரத்தில் முட்டை ஒட்டியிருக்கும் நாட்களில் மட்டத்தை இறக்காமல் சில நாள் நிறுத்திப் பார்க்கிறார்கள். மின்சாரக் கணக்கில் அது நஷ்டம். மீன் கணக்கில் வரவு.

சிஷுய் கிளையாற்றில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தடை முதலில் தொடங்கிய இடம் என்று சொன்னேனே, அங்கே சுமார் 300 சிறு அணைகளை உடைத்தே எடுத்துவிட்டார்கள். வலையும் போய், சுவரும் போன இடம். இயற்கையில் இல்லை என்று அறிவித்த அந்த யாங்சி ஸ்டர்ஜனைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். 2025 வசந்தத்தில் அந்த ஆற்றுத் தண்ணீரில் அவை முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தது.

பெரிய அணையை யாரும் உடைக்கப் போவதில்லை. வெள்ளத்தில் லட்சக்கணக்கில் செத்த வரலாறு அந்த ஆற்றுக்கு உண்டு. மேட்டூரை உடை என்று டெல்டாவில் போய் யாராவது சொல்வார்களா? ஆனால் சுவர் நிற்கும்போதே அதை எப்படித் திறப்பது, எப்போது திறப்பது என்பதில் மீனுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம் என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அது நமக்கும் பாடம்.

மாணவருக்கு

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் பரிசல்காரனுக்கு அரசு பணம் கொடுத்தது, சிலருக்கு வேலை கொடுத்தது. அவன் தொழிலைக் கொடுக்கவில்லை. தடை 2030-ஆம் ஆண்டு முடிவு வரை. அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அப்போது அவன் பிள்ளைக்கு வலை பின்னத் தெரிந்திருக்குமா என்பதும் ஒரு கேள்வி.

இன்னொன்றும் சொல்கிறேன். பத்தாண்டுத் தடை என்பது அவ்வளவு தாமதமாக விழித்தவர்கள் குடிக்க வேண்டிய கசப்பு மருந்து. மூன்று மாதத் தடையை ஒழுங்காகக் கடைப்பிடித்து, வலைக்கண்ணியைப் பெரிதாக வைத்து, மின்சாரம் பாய்ச்சுபவனை அன்றே தடுத்திருந்தால், இரண்டு லட்சம் பேர் மொத்தமாகக் கரையேற வேண்டி வந்திருக்காது. நீ அன்றைக்கு வலையில் வந்த கையளவு ரோகுக் குஞ்சுகளைத் தனியாக எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம் என்று போகிற போக்கில் சொன்னாய். அண்ணன் திட்டினார் என்றும் சொன்னாய். அண்ணனிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டு.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேப்பில் யாங்சியைத் தப்பாகக் குறித்ததற்கு நான் உன்னை ஒருமுறை நிற்க வைத்தது நினைவிருக்கிறது. இன்று அந்த ஆற்றைப் பற்றி என்னையே நான்கு நாள் புத்தகம் புரட்ட வைத்துவிட்டாய். கணக்கு தீர்ந்தது.

நண்பர்களே, உங்கள் ஊர் ஆற்றில், ஏரியில், அணையில் ஒரு காலத்தில் இருந்து இப்போது காணாமல் போன மீன் எது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அந்த மீனை உங்கள் ஊரில் எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மீன் போனால் பின்னாலேயே பெயரும் போய்விடும்.